மூன்று கிழமைச் சாமான்

1908ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஏழாம் தேதி, திங்கட்கிழமை. கடல் நடுவே ஒரு தீவில் வேலைக்குப் போயிருந்த நான்கு தமிழர்களுக்கு அரிசி போய்ச் சேரவில்லை என்பது சிங்கப்பூரில் அன்றுதான் தெரியவந்தது. புயல் அதைத் தடுக்கவில்லை. கள்வர் கொள்ளையிடவில்லை. தமிழர் ஒருவர் தமிழில் கேட்டதை, இன்னொரு தமிழர் தமிழில் கொண்டுவந்து சொல்ல, மூன்றாவது தமிழர் தமிழிலேயே புரிந்துகொண்டு சாமான் அனுப்பினார். மூவரும் தத்தம் ஊர் வழக்கில் பிழையறப் பேசினார்கள். ஆயினும் பிழை நேர்ந்தது. அந்தப் பிழையைத் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ள, அவர்களை அனுப்பிய கம்பெனி இதனை எழுதும் நாள்வரை முன்வரவில்லை. முறையீடு இதுதான்.

சாமான் அனுப்பியவர் அழகப்பன். சிராங்கூன் சாலையில், சுண்ணாம்புக் கம்பத்துக் காளியம்மன் கோயிலுக்குச் சற்று வடக்கே அவருடைய மளிகைக் கடை இருந்தது. ஊருக்குள் விற்ற அரிசி பருப்பைக் காட்டிலும் தீவுகளுக்குக் கட்டி அனுப்பிய அரிசி பருப்பே அவருக்குப் பெயர் தேடித் தந்தது. மரம் வெட்டப் போகிறவர், நிலம் அளக்கப் போகிறவர், கலங்கரை விளக்கில் காவலிருப்பவர் என்று, கடலுக்கு அப்பால் அடுப்பு மூட்ட வேண்டியவர் எவராயினும் அவரைத் தேடி வந்தார்கள். கோணியில் கட்டிய அரிசி கடற்காற்றில் புழுங்கிப் பூசணம் பிடித்துவிடும். அதனால் அழகப்பன் பழைய மண்ணெண்ணெய்த் தகரங்களை வாங்கி, சாம்பலும் சுடுநீரும் விட்டு வாடை போகக் கழுவி, வெயிலில் காயவைத்து, அரிசியை நிரப்பி, வாயை ஈயத்தால் பற்றவைத்து அனுப்புவார். கடலில் விழுந்தாலும் அது மிதக்கும். மழையில் கிடந்தாலும் உள்ளே ஈரம் புகாது. உடைத்தாலொழிய உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாது என்பது அம்முறையின் ஒரே குறை. அதை ஒரு குறையென்று அதுவரை எவரும் எண்ணியதில்லை.

மலாயாவின் பாகாங் கரைக்குக் கிழக்கே, தியோமான் தீவையும் தாண்டி, ஆள் குடியில்லாத தீவு ஒன்று உண்டு. அதன் மலைக்குகைகளில் வௌவால்கள் ஆயிரமாயிரமாக அடைந்து கிடப்பதால் நம் படகுக்காரர்கள் அதனை வௌவால் தீவு என்றார்கள். அந்தக் குகைகளில் குவிந்த எச்சத்தைத் தோட்டங்களுக்கு உரமாக விற்கலாமா என்று பார்க்க, துறைமுகத்தருகே அலுவலகம் வைத்திருந்த வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று எண்ணியது. மலையேறிக் குகைகளை அளந்து வர ஏரம்பமூர்த்தி என்னும் யாழ்ப்பாணத்து நில அளவையாளரையும், சங்கிலி பிடிக்க இரண்டு கூலிகளையும் அனுப்பியது. சமையலுக்கு ஓர் ஆள் வேண்டும் என்றபோது, அழகப்பனின் தம்பி முத்துசாமி தானே போவதாக முன்வந்தான்.

"கடையில குந்தி மிளகா நிறுத்து நிறுத்துத் தும்மினது போதும்ண்ணே. கொஞ்சம் காத்துப் பட்டுட்டு வர்றேன்."

"கடலுடா அது. நீந்தத் தெரியுமா உனக்கு?"

"தெரியாதுண்ணே. அதனாலதான் படகுல போறேன்."

தீபாவளி கழிந்த கையோடு நால்வரும் காலாங் ஆற்றுமுகத்தில் ஜலாலுதீன் மரைக்காயரின் தொங்கானில் ஏறினார்கள். மரைக்காயர் நாகூர்க்காரர். கம்பெனிக்கு வாடகைக்கு ஓடும் அந்தப் பாய்மரப் படகு அவருக்குச் சொந்தம். கம்பெனி கேட்டது ஒரு மாதச் சாமான். தம்பி போகிறான் என்பதால் அழகப்பன் அதற்கு மேலும் பாதியளவு சேர்த்துத் தகரங்களை அடைத்திருந்தார்.

நவம்பர் இறுதியில், நால்வரையும் ஏற்றிவரப் போன மரைக்காயர் வெறும் படகோடு திரும்பிக் கடைக்கு வந்தார். தலைப்பாகையை அவிழ்த்து உதறிவிட்டு அரிசி மூட்டை மேல் அமர்ந்தார்.

"கரையில ஒட்டவே முடியலை, அழகப்பண்ணே. அலை ஆளுயரம் எழும்புது. நான் படகுல நின்னு கையைக் காட்டுறேன், அவுக கரையில நின்னு கையைக் காட்டுறாக. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மாதிரி."

"எல்லாரும் சுகமா? நம்ம பய?"

"உம்ம தம்பிக்கு என்ன கேடு? வேட்டியைக் கழத்திக் கொடியாட்டம் வீசிக்கிட்டு நின்னான். கிழக்கே இருக்கிற குகை இன்னும் அளக்கலையாம். வேலை பாக்கி. அந்த யாழ்ப்பாணத்து ஐயா ரெண்டு கையையும் வாயில குவிச்சுக் கத்தினாரு. 'மூண்டு கிழமைக்குச் சாமான், அழகப்பனிட்டைச் சொல்லுங்கோ'ன்னு. ஒரு தடவைக்கு மூணு தடவை கத்தினாரு. அதுக்கு மேல காத்து வாங்கிட்டுப் போயிருச்சு."

"மூணு கிழமைக்கா?"

"அப்படித்தான் காதுல விழுந்துச்சு. ஆபீஸ்ல கணக்கெழுதுற பெரிய கிராணிக்கிட்டயும் இதையே சொன்னேன். ஓம், அனுப்பச் சொல்லுன்னுட்டாரு."

அழகப்பன் ஒரு கணம் யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. கார்த்திகை மாதம் நடந்துகொண்டிருந்தது. சிவனுக்கு உகந்த கார்த்திகைத் திங்கட்கிழமைகளில் மீதமிருந்தவை சரியாக மூன்று. ஏரம்பமூர்த்தியோ நெற்றியில் திருநீறு இல்லாமல் பச்சைத் தண்ணீரும் பருகாதவர். அழகப்பனின் ஊரில் 'நாளும் கிழமையும்' என்றால் விரதமும் விசேடமும். 'இன்றைக்கு என்ன கிழமை' என்றால் ஞாயிறா திங்களா என்று பொருள். வேறொரு பொருள் அந்தச் சொல்லுக்கு உண்டென்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

"பார்த்தீரா மரைக்காயரே, நடுக்கடல்லயும் மனுசன் கிழமையை விடலை!" என்றார் பெருமையுடன். "சோத்துக்குன்னா அரிசி பருப்புன்னு கேட்டிருப்பாரு. அதான் ஒன்றரைப் பங்கு போட்டு அனுப்பியிருக்கேனே, கார்த்திகை முடியத் தாங்கும்."

அன்றே தகரங்கள் நிரம்பின. ஒன்றில் பொரி, ஒன்றில் அவலும் அச்சு வெல்லமும். மூன்றாவதில் பச்சரிசி மூன்று படி, நெய், சூடம், ஊதுவத்தி, திரிநூல், விபூதிப் பை. தம்பிக்குப் பிடிக்கும் என்று கொஞ்சம் கடலை மிட்டாயும் வைத்து வாயைப் பற்றவைத்தார். மரைக்காயர் மறுநாள் பாய் விரித்தார். தீவருகே அலை இன்னும் அடங்காததால், கரையிலிருந்து ஒரு கூலி, அவர்களிடம் விட்டிருந்த சிறு சம்பானைத் துடுப்புப் போட்டு ஓட்டிவந்து தகரங்களைக் கயிற்றில் வாங்கிக்கொண்டான். காற்று திரும்பும் குறி தெரிந்தது. மரைக்காயர் தகரம் உடைபடும்வரை காத்திருக்கவில்லை.

அவர் ஊர் திரும்பிய மறுநாளே டிசம்பர் ஏழு. அன்று காலை ஏரம்பமூர்த்தியின் மனைவி யோகம் ரிக்‌ஷாவில் வந்து கடை முன்பு இறங்கினாள்.

"முதலாளி, எங்கட ஆள் வர இன்னும் எத்தினை நாள் செல்லும்? மூண்டு கிழமைக்கு எண்டுதானே சாமான் அனுப்பினியள்?"

"ஆமாம்மா. இன்னியோட ரெண்டாவது கிழமை. அடுத்த திங்களோட முடிஞ்சுது. ஐயாவுக்கு ஒரு குறையும் வைக்கலை. பொரி, வெல்லம், நெய், சூடம் எல்லாம் மொத்தமா போட்டிருக்கேன்."

"பொரியும் போட்டனீங்களோ!" யோகம் சிரித்தாள். "சின்னப் பிள்ளையளுக்குப் போல. அரிசி எவ்வளவு போட்டனீங்கள்?"

"பச்சரிசி மூணு படி."

சிரிப்பு நின்றது. "நாலு பேருக்கு, மூண்டு கிழமைக்கு, மூண்டு படியோ?"

"நாலு பேருக்கு எதுக்கும்மா? சாமிக்குத்தானே படைக்கிறது. கிழமைக்கு ஒரு படின்னு வச்சேன்."

"எந்தச் சாமிக்கு?" என்றாள் யோகம். குரல் தாழ்ந்திருந்தது. "முதலாளி, கிழமை எண்டா என்னெண்டு நினைச்சனீங்கள்?"

"கிழமைன்னா கிழமைதான். ஞாயித்துக்கிழமை, திங்கக்கிழமை."

"அது சரி. ஆனா ஒரு கிழமை எண்டா ஏழு நாள். ஏழு நாளும் சேர்ந்தது."

"அது வாரம் இல்லீங்களா?"

யோகம் மிளகாய் மூட்டையைப் பற்றிக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள். அழகப்பன் கையிலிருந்த தராசுத் தட்டைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார். மூன்று வாரத்துக்குச் சோறு கேட்ட நான்கு பேருக்குத் தாம் மூன்று பூசைக்குப் பொரி அனுப்பியிருப்பது, உள்ளங்காலிலிருந்து தலைக்கு ஏறுவது போல அவருக்குள் ஏறியது.

கடையை அப்படியே போட்டுவிட்டுக் கம்பெனி அலுவலகத்துக்கு ஓடினார். துரையைப் பார்க்க வேண்டுமானால் பெரிய கிராணி விஸ்வலிங்கம் வழியாகத்தான் பார்க்க வேண்டும். கிராணியும் யாழ்ப்பாணத்தவர். வெள்ளைக் கோட்டும் மடிப்புக் குலையாத தலைப்பாகையுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அழகப்பனுக்கு மூச்சு வாங்கியது. வாயில் முதலில் வந்தது பழகிய சொல்லே.

"ஐயா, பெரிய தப்பு நடந்துபோச்சு. நான் மூணு கிழமைக்குத்தான் சாமான் அனுப்பியிருக்கேன்."

"அதிலை என்ன தப்பு? மூண்டு கிழமைக்குத்தானே கேட்டவை."

"இல்லீங்க, மூணு கிழமைக்கு!"

"நானும் அதைத்தானே சொல்லுறன். உமக்கென்ன, வெயில் பட்டுதோ?"

"உங்க கிழமை இல்லீங்க ஐயா. எங்க கிழமை!"

விஸ்வலிங்கம் பேனாவைக் கீழே வைத்தார். "கிழமைக்கு உங்கட எங்கட எண்டு இருக்கோ, காணும்?"

இருக்கிறது. இலக்கணம் படித்தவர் அறிவர்: கிழமை என்னும் சொல்லின் முதற்பொருளே உரிமை, உடைமை. 'இன்னாருடையது' என்று சுட்டும் ஆறாம் வேற்றுமைக்குக் கிழமைப் பொருள் என்றே பெயர். எந்தச் சொல் உடைமையைக் குறிக்கிறதோ, அந்தச் சொல்லால் விளைந்த கேட்டைத் தம் உடைமையென்று ஏற்க அந்த அறையில் ஒருவரும் இல்லை.

அழகப்பன் தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பொரியைச் சொன்னார், சூடத்தைச் சொன்னார், நான்கு பேர் பட்டினி என்றார். கேட்கக் கேட்கக் கிராணியின் முகம் சிவந்தது.

"கிழமை எண்டால் வாரம் எண்டு தெரியாத நீரெல்லாம் என்ன தமிழர்? நாங்கள் கதைக்கிறதுதான் சுத்தத் தமிழ்."

"தமிழ் யாருதா இருந்தா என்னங்க? அங்க உலை காயுது. துரைக்கிட்டச் சொல்லுங்க. கம்பெனி லாஞ்சை விடச் சொல்லுங்க. நீராவிப் படகுக்குக் காத்து என்ன, மழை என்ன?"

விஸ்வலிங்கம் அவரைத் துரையின் அறைக்கு அழைத்துச் சென்றார். அழகப்பன் கைகூப்பி, தொண்டை வற்றப் பேசினார். கிராணி அதை ஆங்கிலத்தில் சொன்னார். அழகப்பனுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் நீளம் தெரியும். தாம் இவ்வளவு நேரம் சொன்னது அங்கே ஒரே வரியாகச் சுருங்கியதைக் கண்டார். துரை புன்னகை செய்தார், சன்னலுக்கு வெளியே வானத்தைக் காட்டினார், ஏதோ சொன்னார்.

"என்னங்க சொல்றாரு?"

"நீர் காத்து மழைக்குப் பயப்பிடுறீர் எண்டு சொன்னனான். பயப்பிட வேண்டாமாம். லாஞ்சு பழுது பார்க்கப் போட்டிருக்காம். கிழமை முடிய மரைக்காயரை அனுப்பலாமாம்."

"நான் காத்து மழையையா சொன்னேன்? பட்டினியைன்னா சொன்னேன்!"

"மெல்லக் கதையும். எங்கட ஆள் ஒருத்தர் தமிழிலை சாமான் கேட்கத் தெரியாதவர் எண்டு துரைக்கு நான் சொல்லோணுமோ? தீவிலை மீன் இருக்கு, தேங்காய் இருக்கு. நீர் போம்."

அழகப்பன் துரையின் முகத்தையே பார்த்தார். தமக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல்லான 'ரைஸ்' என்பதை இரண்டு முறை உரக்கச் சொன்னார். துரை தலையசைத்து, "யெஸ், யெஸ், ரைஸ்" என்றார். கதவு சாத்தப்பட்டது.

மறுநாளே வாடை இறங்கிவிட்டது. வடகிழக்கிலிருந்து எழும்பிய காற்று காலாங் ஆற்றுமுகத்தில் கட்டியிருந்த படகுகளை ஒன்றோடொன்று மோதவிட்டது. மரைக்காயர் முதலில் மறுத்தார். பிறகு அழகப்பனின் முகத்தைப் பார்த்தார். அரிசி, பருப்பு, கருவாடு, புளி எல்லாம் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். நீரிணையின் கிழக்கு வாயிலில் உள்ள கலங்கரை விளக்கைக் கடந்ததும் கடல் கறுத்தது. இரண்டு நாள் முன்னேறிய தொலைவை ஒரே இரவில் அலை பின்னுக்குத் தள்ளியது. பாயைத் தாங்கும் பருமல் முறிந்து விழுந்து, பாய் இழுக்கும் கலாசி ஒருவனின் தோளைப் பெயர்த்தது.

"என்னைத் திட்டும், அடியும்," என்றார் மரைக்காயர், சுக்கானைத் திருப்பியபடி. "நாலு பேரை எடுக்கப் போயி எட்டுப் பேரைக் கொடுக்க நான் தயாரா இல்லை."

அழகப்பன் திட்டவில்லை. அரிசித் தகரங்களின் மேல் உட்கார்ந்தே திரும்பி வந்தார்.

பிறகு காத்திருப்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. மார்கழி முழுவதும் மழை. அவர் கடையில் அரிசி அளந்து கொடுத்தார். ஒவ்வொரு படி அளக்கும்போதும் கை நின்றது. மாலைகளில் காலாங்குக்கு நடந்து போய், முகத்தை வடகிழக்கே திருப்பிக் காற்று குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். யோகம் அடிக்கடி வந்தாள். இருவருக்கும் பேசுவதற்கு ஒரு சொல்லும் பாதுகாப்பாக இல்லை. அவள் வருவாள், ஒரு கணம் நிற்பாள், அவர் தலையை ஆட்டுவார், போய்விடுவாள். கம்பெனி லாஞ்சு பழுது நீங்கி வந்தது. துரையின் நண்பர்கள் அதில் ஜொகூர்க் கரைக்குப் பன்றி வேட்டையாடப் போனார்கள். அதைக் கரையில் நின்று பார்த்தவர்களில் அழகப்பனும் ஒருவர்.

தை பிறந்த பிறகு காற்று சற்று இளகியது. மரைக்காயர் தாமே கடைக்கு வந்து, "ஏறும்" என்றார். அவ்வளவுதான்.

ஆறாம் நாள் வௌவால் தீவு கண்ணில் பட்டது. முகாமும் ஊற்றும் குகைகளும் தீவின் வடகிழக்குக் கரையில் இருந்தன. அங்கே கடல் இன்னும் பாறைகளை அடித்துக்கொண்டிருந்தது. படகு தென்மேற்கே சுற்றிப்போய் மலை மறைவில் நங்கூரமிட்டது. இனி மலையைத் தாண்டி நடக்க வேண்டும். ஒரு கலாசி பாராங்கத்தியால் பிரம்பையும் கொடியையும் வெட்டி வழி செய்ய, அழகப்பன் ஓர் அரிசித் தகரத்தைத் தலையில் தூக்கிக்கொண்டார். கலாசி வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். அவர் தரவில்லை.

பாதை என்று ஒன்றும் இல்லை. அழுகிய இலையில் கால் வழுக்கியது. பிடிக்கப் போன கொடியெல்லாம் முள். அட்டைகள் கணுக்காலில் ஏறின. தகரத்தின் விளிம்பு சும்மாட்டுத் துணியை அறுத்துக்கொண்டு தலையில் இறங்கியது. இத்தனை ஆண்டுகளாகத் தாம் அடைத்து அனுப்பிய தகரங்கள் கடையிலிருந்து படகுக்கும் படகிலிருந்து கரைக்கும் தாமாகவே போய்ச் சேர்ந்தன என்பது போல அவர் நினைத்திருந்தார். மலை முகட்டில் நின்றபோது கீழே ஒரு கூரை தெரிந்தது. புகை இல்லை. "டேய், முத்துசாமி!" என்று கூவினார். காற்று எதிரே இருந்து வந்து அந்தப் பெயரை அவர் வாயிலேயே திணித்தது.

இறங்கிப் போனார்கள். கூரையடியிலிருந்து இரண்டு கூலிகளும் எழுந்து வந்தார்கள். நடந்து வந்தார்கள் என்பதைவிட, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள் என்பதே சரி. கண்கள் உள்ளே போயிருந்தன. அவர்கள் அழகப்பனைப் பார்க்கவில்லை. அவர் தலையிலிருந்த தகரத்தைப் பார்த்தார்கள். உள்ளே பாயில் ஏரம்பமூர்த்தி சாய்ந்து கிடந்தார். தாடி அடர்ந்து வளர்ந்திருந்தது. நெற்றியில் திருநீறு இருந்தது.

அழகப்பன் எதையும் கேட்கவில்லை. கேட்காதவரை எல்லாரும் இருக்கிறார்கள் என்பது போல, தகரத்தை உடைத்தார், கல்லடுப்பை மூட்டினார், ஊற்று நீரை உலை வைத்தார். படியை எடுத்து அரிசியை அளந்தார். நான்கு பேருக்கு அளந்தார்.

"மூண்டு பேருக்குப் போடுங்கோ," என்றார் ஏரம்பமூர்த்தி.

கையிலிருந்த படி அப்படியே நின்றது.

அவர் மெல்லச் சொன்னார். கூடுதலாகக் கொண்டுவந்த அரிசித் தகரங்களில் இரண்டு முதல் நாளே பாறையில் மோதிக் கிழிந்து கடல்நீர் புகுந்துவிட்டது. புதிய தகரங்கள் வந்ததும் முதலாவதை உடைத்தார்கள். பொரி. கூலிகள் சிரித்தார்கள். இரண்டாவதில் அவலும் வெல்லமும். மூன்றாவதை உடைத்தபோது யாரும் சிரிக்கவில்லை.

"உங்கட தம்பிதான் எங்களைத் தேற்றினவன். அண்ணன் கணக்குத் தப்புற ஆளில்லை, ஏதோ காரணத்தோடதான் இதை முதல்ல அனுப்பியிருக்காரு, மிச்சம் பின்னாலயே வருது எண்டு சொல்லுவான். ஒவ்வொரு நாளும் சொல்லுவான். அவலை எனக்கு வைச்சுப்போட்டு, அவங்கள் மூண்டு பேரும் சிப்பியும் வௌவாலும் சுட்டுத் திண்டாங்கள். நான் மச்சம் சாப்பிடாதவன் எண்டு அவனுக்குத் தெரியும். சூடத்தைப் பாறையிலை குவிச்சுக் கொளுத்திக் கப்பலுக்கு வெளிச்சம் காட்டினான். மார்கழி முடியிற நேரம் தெற்கே ஒரு பாய் தெரிஞ்சுது. 'அண்ணன் அனுப்பின படகுதான்' எண்டு சொல்லிச் சம்பானைத் தள்ளினான். நான் வேண்டாம் எண்டனான். கேட்கேல்லை. கொஞ்ச நேரம் தலை தெரிஞ்சுது. பிறகு பாயும் இல்லை, சம்பானும் இல்லை."

உலை கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் மூடியைத் திறக்கவில்லை.

"ஒண்டு கேட்கோணும்," என்றார் ஏரம்பமூர்த்தி. "இத்தினை நாளும் இதையேதான் யோசிச்சனான். நான் மூண்டு கிழமை எண்டுதானே கத்தினனான்? அலைச் சத்தத்திலை வேறை ஏதேன் கேட்டுதோ?"

அழகப்பன் அவரைப் பார்த்தார். கோபப்படுவதற்கு ஒருவராவது வேண்டும் என்று மலையேறும்போதெல்லாம் தேடிக்கொண்டு வந்தார். இவர் அந்த ஆள் இல்லை.

"இல்லீங்க ஐயா," என்றார். "சரியாத்தான் கேட்டுச்சு."

அவர்களை ஏற்றிக்கொண்ட மரைக்காயர் நேரே ஊருக்கு வரவில்லை. கேட்காமலே சுக்கானைத் தெற்கே திருப்பி, வழியிலிருந்த தீவுகளையெல்லாம் சுற்றினார். மீன் காயப்போட்டிருந்த மலாய்க்காரர்களிடம் விசாரித்தார். ஒரு தீவில் சம்பான் பலகை ஒன்று ஒதுங்கியிருந்தது. அது வேறு மரம். ஜொகூர்க் கரையில் ஓர் ஆள் ஒதுங்கினான் என்று கேள்விப்பட்டுப் போனார்கள், அவன் சீனன். ஒவ்வொரு கரையிலும் அழகப்பன் இறங்கினார், ஒவ்வொரு கரையிலும் ஏறினார். தண்ணீர் தீர்ந்தபின் சிங்கப்பூர் திரும்பினார்கள்.

கம்பெனி ஏரம்பமூர்த்திக்கு ஒரு மாத விடுப்பு அளித்தது. குகைகளில் போதிய எச்சம் இல்லை என்று திட்டத்தைக் கைவிட்டது. முத்துசாமி தன் விருப்பத்தின்பேரில், அனுமதியின்றிப் படகெடுத்துப் போனவன் என்று விஸ்வலிங்கம் துரைக்குச் சொன்னார். இம்முறை அதை ஒரே வரியில் அவர் சுருக்கவில்லை, விரிவாகவே சொன்னார்.

அழகப்பன் ஈமக்கிரியை செய்யவில்லை. செய்துவிடும்படி சொன்ன உறவினரிடம், "யாரு பார்த்தது?" என்று மட்டும் கேட்டார். மலாக்கா, பினாங்கு, ரியாவ் தீவுகள், பாகாங் என்று எந்தத் துறையிலிருந்து படகு வந்தாலும் ஆற்றுமுகத்துக்குப் போய் விசாரிக்கிறார். சம்பானைக் கடல் எந்தப் பக்கம் கொண்டுபோயிருக்கும் என்று மரைக்காயரிடம் கேட்டால், அவர் நான்கு திசையையும் காட்டுகிறார்.

வாசகரே, இதைப் படித்துப் பெருமூச்சு விடுவதற்காக இது எழுதப்படவில்லை. நீர் எந்தத் துறையில், எந்தத் தோட்டத்தில், எந்தக் கப்பலில் இருக்கிறீரோ, அங்கே விசாரியும். ஒல்லியான உடம்பு, இடப்புருவத்தில் வெட்டுத் தழும்பு, பேசுவதற்கு முன்பே சிரித்துவிடும் பழக்கம், மூக்கில் நீலச்சாயம் பூசிய ஒரு சிறு சம்பான். அப்படிப்பட்ட ஒருவனைக் கண்டிருந்தால், அழகப்பனுக்கு வருத்தமாக இருக்குமே என்று வாயை மூடிக்கொள்ளாதீர். அவருக்கு ஆறுதலாக இருக்குமே என்று எதையும் கூட்டிச் சொல்லாதீர். சிராங்கூன் சாலைக்கு ஆள் அனுப்பி, கண்டதைக் கண்டபடி சொல்லும்.